சுத்தமான வேலை

முதலில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். கனத்த சங்கிலி ஓரடி நகர்ந்து நிற்கிற சத்தம். அதன் பின்னால் மழை. வானத்து மழை இல்லை, குழாய்களிலிருந்து கொட்டுகிற மழை. கொஞ்ச நேரம் கொட்டும், நிற்கும், சொட்டும். மறுபடி டொக். பெரிய மிருகம் ஒன்று தண்ணீருக்குள் நடப்பது போல இருக்கும். ஓரடி வைக்கும், நின்று யோசிக்கும், அடுத்த அடி வைக்கும். கல்யாணமாகி இந்த ஊர் மில் காலனிக்கு வந்த அன்று காலையில், பால் காய்ச்சுகிற நேரத்தில், அந்தச் சத்தத்தை முதல் தடவை கேட்டேன். என்ன அது என்று கேட்டதற்கு என் வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு, “அதுதான் என் மெஷின்” என்றார். ஏதோ மூத்த சம்சாரத்தை அறிமுகப்படுத்துகிற மாதிரி.

உட்காருங்கள் அம்மா. மாடி பிடித்திருக்கிறது என்கிறீர்கள், வாடகையை அப்புறம் பேசிக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக்காரர் புது ஃபேக்டரியில் நூல் கழுவுகிற பக்கம் சேர்ந்திருக்கிறார், அங்கே ஒன்றும் ஆகாதுங்களா என்று கேட்டீர்கள். நீங்கள் கேட்டதால்தான் சொல்கிறேன். இல்லாவிட்டால் நான் இதையெல்லாம் யாரிடமும் பேசுவதில்லை. என் பேச்சு கொஞ்சம் புத்தகம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் தமிழ் படித்தவள், காலனிப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். நாக்கு அப்படியே நின்றுவிட்டது.

அந்த மில்லில் செயற்கைப் பட்டு செய்தார்கள். மரக்கூழைக் காரத்திலும் நாற்றமடிக்கிற ஒரு மருந்திலும் கரைத்தால் தேன் மாதிரி ஆகும். அதை ஊசித் துளைகள் வழியாக அமிலத்துக்குள் பீய்ச்சினால் நூலாக உறையும். அந்த நூல் சுழலுகிற ஒரு பானைக்குள் சேர்ந்து சேர்ந்து, நடுவில் ஓட்டை உள்ள பெரிய பணியாரம் மாதிரி வரும். அதற்கு மில்லில் ‘கேக்’ என்று பேர். “தெனம் ஆயிரம் கேக் செய்யறாங்களாமா, ஒண்ணே ஒண்ணு மடியில கட்டிக் கொண்டாரப்படாதா மாப்பிள்ளை?” என்று என் அம்மா கேட்டு, அவர் வெட்கப்பட்டுப் போனார்.

ஆனால் பிறந்த அன்றைக்கு அது பட்டு இல்லை. மஞ்சளாக, அழுகின முட்டை நாற்றத்தோடு, அமிலம் ஒழுகிக்கொண்டு இருக்கும். அதைக் குளிப்பாட்ட வேண்டும். அதற்குத்தான் அந்த மெஷின். ஒரு தெரு நீளம். கேக்குகளைக் கம்பிகளில் கோத்து ஒரு முனையில் ஏற்றினால், சங்கிலி இழுத்துக்கொண்டு போகும். வழியெல்லாம் கதவு வைத்த அறைகள். முதல் அறையில் வெந்நீர். அடுத்ததில் கந்தகத்தை எடுக்கிற மருந்து. பிறகு தண்ணீர், வெளுக்கிற மருந்து, மறுபடி தண்ணீர், அமிலம். கடைசியில் சோப்பு எண்ணெய். அந்த முனையில் வந்து இறங்கும்போது வெள்ளைவெளேரென்று, நிலாவை உரித்து வைத்த மாதிரி இருக்கும். “பொறந்த குழந்தைக்குத் தண்ணி வாக்கற வேலை” என்பார் என் வீட்டுக்காரர். அந்தப் பகுதிக்கு அவர்தான் சூப்பர்வைசர்.

நூல் பீய்ச்சுகிற பக்கம் அழுக்கு வேலை. அங்கே என் தம்பியைச் சேர்க்க நான் சம்மதிக்கவில்லை. வாஷிங்தான் என்று பிடிவாதமாக நின்றேன். தண்ணீர் ஓடுகிற இடத்தில் என்ன கெடுதல் இருக்க முடியும்?

என் தம்பி திருமூர்த்தி. அப்பா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை. படிப்பு ஏறவில்லை, ஆனால் பூனைக்குட்டி மாதிரி காலைச் சுற்றிக்கொண்டே இருப்பான். வெள்ளைச் சட்டையைத் தானே துவைத்து, தானே தேய்த்துப் போடுகிறவன். அவனை மெஷினின் ஏற்றுகிற முனையில் போட்டார்கள். மஞ்சள் கேக்குகளைக் கம்பியில் கோத்து முதல் அறைக்குள் அனுப்புவது அவன் வேலை. வெந்நீர் பட்டதும் குப்பென்று ஆவி எழும்பும். “மொதல்ல வாடை கொடலைப் புடுங்குச்சுக்கா. இப்பத் தெரியறதே இல்ல” என்றான் இரண்டாவது வாரம். மனம் ஊன்றிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் வேலை விட்டு வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னான். “அக்கா, லைட்டைச் சுத்தி ஒரு வட்டம் தெரியுது. செவப்பு, பச்சை, ஊதான்னு வானவில்லாட்டம். ரொம்ப அழகா இருக்குது.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பத்தாவதில் தமிழிலேயே தோற்ற பையன்! விளக்குக்கு வானவில்லைக் கட்டிவிட எவனுக்குத் தோன்றும், அம்மா? எங்கள் வம்சத்து ஈரம் அவனிடமும் இருந்திருக்கிறது. மறுநாள் வகுப்பில் பிள்ளைகளிடம் உவமைக்கு உதாரணமாக இதைச் சொன்னேன். உடனே ஒரு பெண் எழுந்து, “டீச்சர், எங்கப்பாவுக்கும் தெரியுதுங்க டீச்சர்” என்றாள். “எங்கப்பாவுக்குந்தானுங்க!” என்று பின்பெஞ்சிலிருந்து நாலைந்து குரல். பிள்ளைகள் எப்போதுமே அப்படித்தான், ஒருவர் ஒன்று சொன்னால் போட்டிக்கு எல்லாம் பொய் சொல்லும். அதட்டி உட்கார வைத்தேன்.

அடுத்த தை மாதத்தில் அவனுக்குக் கல்யாணம். பெண் ஆற்றுக்கு மேற்கே, வாழைத்தோட்டத்துக்காரர் குழந்தைவேலு மகள் அம்சவேணி. எட்டாவது வரை படிப்பு. வாய் மட்டும் எம்.ஏ. வந்த புதிதில் என்னிடம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தாள். கணவனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்பார்கள். “நங்கை, நங்கை” என்று வாயில் எச்சில் ஊறக் கூப்பிடுவாள். காலில் நல்ல கனமான வெள்ளிக் கொலுசு. ஒரு மாதத்தில் அது அடுப்புக்கரி மாதிரி கறுத்துவிட்டது. விபூதி போட்டுத் தேய்ப்பாள், புளி போட்டுத் தேய்ப்பாள், நாலு நாள்தான், மறுபடி கரி. காலனியில் யாரும் வெள்ளி போடுவதில்லை, துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடுவோம். அந்தக் காற்றுக்கு அப்படி ஆகும். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாதான் அவள் காலைப் பார்த்துவிட்டு என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய், “வெள்ளி கறுக்குதுன்னா ஒடம்புக்குள்ள நோவு இருக்குதுன்னு அர்த்தம். மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்க” என்றாள். நான் சிரித்துவிட்டேன். படித்தவள் இல்லையா, இதையெல்லாம் நம்புவேனா?

தம்பியின் குணம் அந்த வருஷத்தில்தான் மாறியது. தொட்டதற்கெல்லாம் கோபம். சாம்பாரில் உப்பு இல்லை என்று தட்டை விட்டெறிந்தான். பால்காரனிடம் என்னடி சிரிப்பு என்றான். கேட்டது தப்பா? அவள் சிரிக்கிறவள்தான். காலனியில் அப்போது ஒரு கேலி உண்டு: “வாஷிங்காரன் ஊட்டுல பாத்திரம் கழுவற வேலையே இல்ல, எல்லாந்தான் ஒடைஞ்சு கெடக்குதே.” அந்த வரிசை வீடுகளில் எப்போதும் சண்டைச் சத்தம்தான். ஆண்பிள்ளைகள் என்றால் அப்படித்தான் என்று நாங்களும் சிரித்துக்கொள்வோம்.

இன்னொரு நாள் என் வீட்டுக்கு வந்து, கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். “இது என்ர கை இல்லீங்கக்கா. வேற யாரோடதையோ எனக்கு ஒட்டி வச்சிருக்குது.” அன்று முழுவதும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. கல்யாணமானவனுக்குத் தன்னைத் தொலைத்த தவிப்பு வரும் என்று படித்திருக்கிறேன். இவ்வளவு அழகாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மறு வருஷம் பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போய்த் திரும்பியதும் அம்சவேணி என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது.

“நங்கை, அங்க இருந்தப்ப நல்லா இருந்தாருங்க. தேங்கா உரிச்சாரு, எங்கப்பன்கூட வாய்க்கால்ல எறங்கி மம்பட்டி புடிச்சாரு, சிரிச்சாருங்க. மில்லு கேட்டுக்குள்ள நொழைஞ்ச மறுநாளே மொகம் மாறிப் போச்சு. அந்த மெஷினு கிட்ட என்னமோ இருக்குதுங்க. வேண்டாமுங்க. எங்கூருக்குப் போயிடறமுங்க.”

“விருந்துக்குப் போன எடத்துல எவந்தான் சிரிக்கமாட்டான்?” என்றேன். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. என் தம்பியைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கிறாள்.

அடுத்த வாரமே குழந்தைவேலு வந்தார், தோளில் ஒரு தார் பூவம்பழத்தோடு. நடுக்கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தோம். “அம்மணி, நான் கேக்கறது ஒண்ணுதான். மாப்பிள்ளையை ஒரு ஆறு மாசம் தோட்டத்துக்கு அனுப்புங்க. ஒடம்பு தேறட்டும். அப்பறம் அவரே இந்த வேலை வேணும்னா வரட்டும்” என்றார்.

“தீவாளி கழிஞ்சா பர்மனென்ட் பண்றாங்க. இப்பப் போனா அந்த எடத்துக்கு ஆயிரம் பேரு வரிசையில நிக்கறான்” என்றார் என் வீட்டுக்காரர்.

“வீட்டோட மாப்பிள்ளை தேடறீங்கன்னு முன்னாலேயே சொல்லியிருந்தா நாங்க வேற இடம் பார்த்திருப்போமே” என்றேன் நான். கொஞ்சம் சூடாகத்தான் சொன்னேன், தேவைப்பட்டது.

அம்சவேணி அவனைப் பார்த்துத் திரும்பினாள். “இவீக பேசறது கெடக்கட்டும். நீங்க சொல்லுங்க. வாரீங்களா?”

அவன் இரண்டு கையையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். “அக்கா சொல்றதுதானுங்க” என்றான். அந்த ஒரு வார்த்தை, அம்மா, நான் அவனை வளர்த்ததற்கு அது போதும்.

குழந்தைவேலு விடவில்லை. நல்லா இருந்த மனுசன் கெட்டுப் போனானே, எதனால என்று கேட்டார். அவர் கேட்டதால்தான் சொன்னேன், நானாகச் சொல்லவில்லை. “உங்க பொண்ணு காலைப் பாருங்க. வெள்ளி ஏன் கறுக்குதுன்னு பெரியவங்களைக் கேளுங்க” என்றேன். நான் மூடநம்பிக்கை பேசுகிறவள் இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னேன்.

பெரியவர் முகம் இருண்டுவிட்டது. அம்சவேணி அழவில்லை. என் சாமி மாடத்தைக் காட்டி, “நங்கை, உங்க காமாட்சி வெளக்கும் வெள்ளிதானுங்களே. அதுக்கு என்ன நோவுங்க?” என்றாள். துடுக்கைப் பாருங்கள்! அன்று சாயங்காலமே அப்பாவோடு போய்விட்டாள். பழத்தார் அப்படியே கூடத்தில் கிடந்து கனிந்தது.

அவன் என்னோடு வந்துவிட்டான். நான் சமைத்தேன், நான் பரிமாறினேன். வேலையிலும் நல்ல பேர். மெஷினில் தண்ணீர் பீய்ச்சுகிற துளைகள் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். சங்கிலியை நிறுத்தி, ஆவி அடங்கக் காத்திருந்து, பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும் என்று முறை. ஆனால் நிறுத்தினால் வெளுக்கிற அறையில் நிற்கிற கேக்கெல்லாம் நூல் இற்றுப் போகும், மேலே பதில் சொல்ல வேண்டும். அதனால் நம் ஆட்கள் ஓடும்போதே கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, கம்பியால் குத்தி அடைப்பெடுத்துவிடுவார்கள். அதில் என் தம்பிதான் கெட்டி. “உன் தம்பி இருக்கற ஷிப்டுல மெஷின் நின்னதே இல்ல” என்று என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொல்வார். அவன் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைவான். விரல்கள் சேராது, பருக்கை சிதறும்.

பிறகு அவன் என் சோற்றையும் முகர்ந்து பார்க்க ஆரம்பித்தான். “இதுல என்ன போட்டீங்கக்கா?” என்றான் ஒருநாள். என்னை! நான் ஊட்டி வளர்த்த வாய்! தட்டைத் தள்ளிவிட்டு, தானே டீக்கடையில் பன் வாங்கித் தின்றுவிட்டு வருவான். பால்காரனில் ஆரம்பித்த சந்தேகம் கடைசியில் என் அடுப்படிக்கு வந்தது. யார் விதைத்த விதை என்று எனக்குத் தெரியாதா?

பக்கத்து வீட்டில் சொன்னார்கள், அந்தப் பெண் சோற்றில் மருந்து வைத்திருப்பாள், ஆண்பிள்ளையை இழுத்துக்கொள்ள வைக்கிற மருந்து, அது குடலில் ஒட்டிக்கொண்டு புத்தியைத் தின்னும் என்று. நான் நம்பவில்லை. ஆனாலும் தம்பி அல்லவா? மலையடிவாரத்தில் மருந்து எடுக்கிறவர் ஒருவர் இருந்தார், கூட்டிப்போனேன். வயிற்றில் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, வாழையிலையில் துப்பினார். கறுப்பாக ஒரு உருண்டை. நானே பார்த்தேன். “வெசம். எறங்கிருச்சு, இனி அவன் பழைய ஆளு” என்றார். ஆக, என் தம்பிக்குள் விஷம் இருந்தது, நான் பிரமை பிடித்துப் பேசவில்லை என்று எனக்கு நிம்மதி. திங்கட்கிழமை அவனை நானே சட்டை தேய்த்துக் கொடுத்து வேலைக்கு அனுப்பினேன்.

அந்த வாரம் ஆயுத பூஜை. மெஷினை நிறுத்தி, கழுவி, ஒவ்வொரு கதவுக்கும் சந்தனம் வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை செண்டுமல்லி மாலை போடுவார்கள். காலனிப் பெண்கள் எல்லாரும் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து கட்டினோம். அவ்வளவு நீளத்துக்குப் பூ கட்டினால் கை மஞ்சளாகிவிடும். பூசணிக்காய் உடைத்தார்கள், பொரி கொடுத்தார்கள். மெஷின் அன்று கல்யாணப் பெண் மாதிரி நின்றது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அது சத்தமில்லாமல் நிற்கும். எனக்கு என்னவோ அது கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் ஓட்டியதும் மாலை உதிர்ந்து, இதழெல்லாம் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, துளைகளை அடைத்துவிட்டது. எந்த அறை என்றால், கந்தக மருந்தைக் கழுவி அனுப்புகிற அறை. அங்கே தண்ணீர் வராவிட்டால் மருந்தோடேயே கேக் முன்னால் நகர்ந்து போகும். அமிலத்தில் அந்த மருந்து பட்டால் காற்றே கெட்டுவிடும் என்று என் வீட்டுக்காரர் எப்போதோ சொல்லியிருக்கிறார். திருமூர்த்தி வழக்கம் போலக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டான். அங்கே முடித்துவிட்டு, அமில அறையிலும் அடைப்பெடுக்கப் போயிருக்கிறான். அதற்குள் தலையை விட்டவன் எடுக்கவில்லை. காலைப் பிடித்து இழுத்தபோது கையில் குத்துகிற கம்பியும், முகமெல்லாம் பூ இதழும் இருந்ததாம்.

உயிர் இருந்தது. மில் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவே பல நாள் ஆயிற்று. திறந்த பிறகு கை நடுக்கம் நிற்கவில்லை, வார்த்தை வழுக்கி வழுக்கி வந்தது. மில் டாக்டர் குடிப்பழக்கம் என்றார். “அவன் தொட்டதே இல்லீங்க டாக்டர்” என்றேன். “டீச்சரம்மா, உங்களுக்குத் தெரிஞ்சா குடிப்பாங்க?” என்று சிரித்தார். மெஷின் நிறுத்தித்தான் இருந்தது, தலைசுற்றி விழுந்தான் என்று என் வீட்டுக்காரர் மேலே சொன்னார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. பெண்டாட்டி விட்டுப்போன ஏக்கம், சரியான சாப்பாடில்லை, தலைசுற்றாமல் என்ன செய்யும்?

அவனை வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாளே அம்சவேணி ஒரு வாடகைக் காரோடு வந்து நின்றாள். யார் சொல்லி அனுப்பினார்களோ. காலில் கொலுசு இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“வந்துட்டியா?” என்றான் அவன். எத்தனையோ நாளாக என்னோடு பேசாத வாய்.

“ம். போலாமுங்களா?” என்றாள்.

இந்தத் தடவை அவன் என் பக்கம் திரும்பவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்று அவளிடம் செம்பை நீட்டினேன். வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் ஐம்பது வயதைப் பார்த்ததோடு சரி, காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வரிசையில் ஆண்பிள்ளைகள் எல்லாருமே சீக்கிரமாகப் போனார்கள். என்ன ராசியோ, அந்த மண் அப்படி. பிறகு மில்லையும் மூடினார்கள், மெஷினை வெட்டி லாரியில் ஏற்றிப் போனார்கள்.

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கழுவுகிற வேலை சுத்தமான வேலை. வீட்டில் சண்டை சச்சரவு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆண்பிள்ளைக்கு வேறெதுவும் வேண்டாம். காபி ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

திருமூர்த்தியா? அவள் ஊரில்தான் இருந்தான், வெகுகாலம். கை நடுக்கம் கடைசிவரை நிற்கவில்லை, சோறு அவள்தான் ஊட்டினாளாம். சாயங்காலத்தில் வாய்க்கால் வரை நடத்திக் கூட்டிப்போவாளாம். இரண்டு தடவை பார்க்கப் போனேன், தூங்குகிறார் என்று வாசலிலேயே சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவன் செத்ததற்கு எனக்கு ஆள் அனுப்பவில்லை. பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு, வாழைக்காய் மண்டியில் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.